சிறு கல்லூரிக் கால்பந்துப் பயிற்சியாளர் வேலை: கையெழுத்திடும் முன் எனக்கு யாரும் சொல்லாதவை

2014 முதல் 2024 வரை அமெரிக்காவின் சிறு கல்லூரிகளில் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளராக வேலை பார்த்தேன். மேற்குப் பென்சில்வேனியா, ஒஹையோ, இல்லினாய் என மூன்று மாநிலங்களில் மூன்று கல்லூரிகள். முதல் கல்லூரியில் ஏறத்தாழ ஊதியமில்லாமல் உழைத்தேன்; இரண்டாவதில் தலைமைப் பயிற்சியாளர் நீக்கப்பட்டபோது அவரோடு சேர்த்து எங்களையும் அனுப்பினார்கள்; மூன்றாவது கல்லூரி நிரந்தரமாகக் கதவை மூடியது. டாலஸில் வளரும் என் சித்தப்பா மகன் பள்ளி அணியில் ஆடி முடித்து, அடுத்துக் கல்லூரியிலும் ஆடி, பிறகு என்னைப் போலவே பயிற்சியாளராக வேண்டும் என்கிறான். அவனுக்குத் தொலைபேசியில் துண்டு துண்டாகச் சொல்லி வந்ததை ஒரே இடத்தில் எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியது. எனக்கு அந்தக் காலத்தில் இதையெல்லாம் சொல்ல யாருமில்லை. வீட்டில் கேட்க முடியாது, அப்பா என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, “விளையாட்டெல்லாம் சரிப்பா, வேலை எப்போ தேடப் போற?” என்பதுதான். இதுதான் வேலை என்று அவருக்கு விளக்கப் பத்தாண்டுகள் போதவில்லை.

தொலைக்காட்சியில் ஒரு லட்சம் பேர் அமர்ந்திருக்கும் அரங்கில், கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கும் பயிற்சியாளர்களைப் பார்த்திருப்பீர்கள். அது முதல் டிவிஷன். கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு 1973-இல் தன் உறுப்புக் கல்லூரிகளை மூன்று டிவிஷன்களாகப் பிரித்தது. மூன்றாம் டிவிஷனில் விளையாட்டுத் திறமைக்காக உதவித்தொகை தரக் கூடாது என்பது விதி. மாணவர் தன் மதிப்பெண்ணுக்கும் குடும்ப வருமானத்துக்கும் உரிய உதவியைப் பெற்றுக்கொண்டு, மீதியைக் கட்டிப் படித்தபடி ஆட வேண்டும். இந்த டிவிஷனில் இருநூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகளுக்குக் கால்பந்து அணி உண்டு. பெரும்பாலானவை ஆயிரம், இரண்டாயிரம் மாணவர்கள் மட்டுமே படிக்கும், சிற்றூர்களில் அமைந்த தனியார் கல்லூரிகள். சனிக்கிழமை மதியம் ஆட்டம் நடக்கும். பார்க்க வருபவர்களில் பாதிப் பேர் பெற்றோர்களாக இருப்பார்கள். ஆகஸ்டில் தொடங்கி நவம்பர் நடுவில் வழக்கமான பருவம் முடிந்துவிடும். ஆனால் பயிற்சியாளரின் உண்மையான வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது என்பதை நான் தாமதமாகவே புரிந்துகொண்டேன்.

இந்தத் தொழிலுக்குள் இளைஞர்களை இழுப்பவை சில பெரிய பெயர்கள். ஜான் கக்லியார்டி 1949-இல் தொடங்கி 2012 வரை, பெரும்பகுதி மினசோட்டாவின் செயின்ட் ஜான்ஸ் பல்கலைக்கழகத்தில் பயிற்றுவித்து 489 ஆட்டங்களை வென்றார். கல்லூரிக் கால்பந்து வரலாற்றில் வேறு எவரும் அந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை. பயிற்சியில் ஒருவரை ஒருவர் மோதி வீழ்த்தக் கூடாது, விசில் ஊதக் கூடாது, தன்னை யாரும் ‘கோச்’ என்று அழைக்கக் கூடாது என்று வைத்திருந்தவர் அவர். ஒஹையோவின் மவுண்ட் யூனியனில் லாரி கெரெஸ் 27 பருவங்களில் 332 வெற்றி, 24 தோல்வி, 3 சமநிலை, 11 தேசியப் பட்டங்கள் என்று முடித்தார். லான்ஸ் லைபோல்ட், தான் ஆடிய விஸ்கான்சின் வைட்வாட்டர் கல்லூரிக்கே தலைமைப் பயிற்சியாளராகத் திரும்பி, எட்டு ஆண்டுகளில் ஆறு தேசியப் பட்டங்கள் வென்று, பஃபலோ வழியாக 2021-இல் கேன்சஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார். எங்கள் அலுவலகத்தில் இரவு பதினொரு மணிக்குக் காணொளி பார்த்துக்கொண்டிருக்கும் ஒவ்வொரு துணைப் பயிற்சியாளரும் மனத்தில் வைத்திருந்தது லைபோல்டின் பாதையைத்தான். ஆனால் அந்தப் பாதையில் நடந்தவர்கள் கைவிரலில் அடங்குவார்கள். கக்லியார்டியும் கெரெஸும் வேறு விதமாகப் பாடமாவார்கள்: தங்களைப் பிடிவாதமாக வைத்துக்கொண்ட ஒரு கல்லூரி அவர்களுக்கு வாய்த்தது. திறமைக்கு நிகராக அந்த வாய்ப்பும் எண்ணப்பட வேண்டும் என்பது என் கருத்து.

என் முதல் வேலைக்குப் பெயர் பயிற்சி உதவியாளர். ஆண்டுக்கு 9,000 டாலர் படி, மாணவர் விடுதியில் ஓர் அறை, உணவுக்கூடத்தில் சாப்பாடு, முதுநிலைப் படிப்புக்குக் கட்டண விலக்கு. கேட்பதற்கு மோசமாகத் தோன்றவில்லை. ஆனால் கிறிஸ்துமஸ் விடுமுறையிலும் கோடையிலும் உணவுக்கூடம் மூடியிருக்கும். அந்த வாரங்களில் நான் அரிசி வாங்கி விடுதியின் பொது அடுப்பில் பொங்கித் தின்றேன். பெரிய அதிர்ச்சி வரிப் படிவத்தில் வந்தது. வேலை தரும் நிறுவனம் ஊழியரின் படிப்புக்குச் செலுத்தும் உதவியில் ஆண்டுக்கு 5,250 டாலர் வரைதான் வரி விலக்கு. அதற்கு மேற்பட்ட முதுநிலைக் கட்டண விலக்கு, கற்பித்தல் அல்லது ஆராய்ச்சி உதவியாளர் என்ற வகையில் வராவிட்டால், வருமானமாகக் கணக்கிடப்படும். என் கட்டணம் ஆண்டுக்கு ஏறத்தாழ 18,000 டாலர். ஆகவே கையில் வராத 12,750 டாலருக்கும் சேர்த்து, கையில் வந்த 9,000 டாலரிலிருந்து வரி பிடித்தார்கள். சில மாதங்களில் காசோலையைப் பார்த்து எங்கோ கணக்குத் தவறிவிட்டது என்று நினைத்துச் சம்பளப் பிரிவுக்குப் போய் நின்றிருக்கிறேன். தவறொன்றும் இல்லை என்று அங்கிருந்த அம்மையார் பொறுமையாக விளக்கினார். கட்டண விலக்கோடு வரும் வேலையை ஏற்பவர், ‘இந்த விலக்கு எந்த வகையில் பதிவாகும், மாதத்துக்கு எவ்வளவு பிடித்தம் வரும்’ என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

ஒஹையோவில் கிடைத்தது முழுநேர வேலை: டிஃபென்சிவ் லைன், அதாவது தற்காப்பின் முன்வரிசை வீரர்களுக்கான பயிற்சியாளர், ஆண்டுச் சம்பளம் 36,000 டாலர். நேர்காணலில் என் தற்காப்பு உத்திகளைப் பற்றிக் கால் மணி நேரம் கேட்டார்கள். எத்தனை மாணவர்களைச் சேர்ப்பாய் என்று ஒரு மணி நேரம் கேட்டார்கள். காரணம் எளிய கணக்கு. ஒரு தனியார் கல்லூரி அச்சிட்டுக் காட்டும் கட்டணத்தில் பெரும்பகுதியைத் தள்ளுபடியாகக் கொடுத்த பின்னும், ஒரு மாணவரிடமிருந்து நிகரமாக 20,000 டாலர் வந்தால், நூறு பேர் கொண்ட கால்பந்து அணி ஆண்டுக்கு 20 லட்சம் டாலர் கொண்டுவருகிறது. அணியின் செலவு அதைவிட மிகக் குறைவு. ஆட்களைச் சேர்க்கத் திணறும் சிறு கல்லூரிக்குக் கால்பந்து அணி ஒரு சேர்க்கைத் திட்டம். அதிலும் ஆண் மாணவர்கள் குறைந்து வரும் காலத்தில் அதற்கு மதிப்பு அதிகம். புதிதாகக் கால்பந்து தொடங்கும் சிறு கல்லூரிகள் பலவும் இந்தக் கணக்கைப் போட்டுத்தான் தொடங்குகின்றன. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கல்லூரி பிழைத்தால்தான் அணி இருக்கும். ஆனால் இந்தக் கணக்கை எனக்கு யாரும் வெளிப்படையாகச் சொல்லவில்லை. மவுண்ட் யூனியனிடம் பெரிய வித்தியாசத்தில் தோற்ற வாரத்தில் எங்களை யாரும் கேள்வி கேட்கவில்லை; முன்பணம் கட்டிய மாணவர் எண்ணிக்கை இலக்குக்குக் கீழே போன வாரத்தில் தலைமைப் பயிற்சியாளரைக் கல்லூரியின் துணைத்தலைவர் அழைத்துப் பேசினார். அன்றுதான் நான் எந்த வேலைக்கு அமர்த்தப்பட்டிருக்கிறேன் என்பது தெளிவாயிற்று.

மூன்றாம் டிவிஷனில் மாணவரைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் எதுவும் கிடையாது. பள்ளியில் தொப்பி அணிந்து, பெற்றோர் இருபுறமும் நிற்க, ஒரு தாளில் கையெழுத்திட்டுப் படம் எடுத்துக்கொள்வார்கள். அது கொண்டாட்டத்துக்கான தாள் மட்டுமே. முன்பணம் கட்டும் வரை, சில சமயம் ஆகஸ்டில் விடுதிக்குள் பெட்டியைக் கொண்டுவந்து வைக்கும் வரை, அவர் உங்கள் வீரர் அல்லர். எனவே டிசம்பர் முதல் மே வரை வண்டியிலேயே வாழ வேண்டும். நான் கிளீவ்லாண்டு, பிட்ஸ்பர்க் சுற்று வட்டாரத்துப் பள்ளிகளுக்கும், ஆண்டுக்கு ஒருமுறை ஃபுளோரிடாவுக்கும் போனேன். கல்லூரி வண்டிகள் இரண்டு. பயிற்சியாளர்கள் அதைவிட அதிகம். சொந்தக் காரில் போனால் மைலுக்கு 30 சென்ட் தந்தார்கள். 2019-இல் வருமான வரித்துறையின் நிலையான கணக்கீடு மைலுக்கு 58 சென்ட். அந்த ஆண்டு வேலைக்காக ஓட்டியது 12,000 மைல். வித்தியாசம் மட்டும் 3,360 டாலர். அதை வரியில் கழித்துக்கொள்ளலாம் என்று நண்பர் ஒருவர் சொன்னார். ஊழியர்கள் தங்கள் கைச்செலவைக் கூட்டாட்சி வருமான வரியில் கழிக்கும் வசதி 2018-ஆம் ஆண்டிலிருந்தே நிறுத்தப்பட்டுவிட்டது. சம்பளத்தைப் பேரம் பேச முடியாத இடத்தில்கூட, மைல் தொகையை, கைபேசிக் கட்டணத்தை, பயணத்தில் தங்கும் செலவைப் பேசலாம். கல்லூரிகள் அவற்றில் சற்று இறங்கி வருவதைப் பின்னர் கண்டேன்.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பருவத்தில் ஞாயிறு காலை முந்தைய நாள் ஆட்டத்தின் காணொளி, மதியம் வீரர்களோடு கூட்டம், இரவு அடுத்த எதிரணியின் காணொளியை ஒவ்வொரு ஆட்டமாக வகைப்படுத்துதல். திங்கள் முதல் வியாழன் வரை பயிற்சியும் கூட்டங்களும். வெள்ளி பயணம் அல்லது களத்தில் கோடு வரைதல். ஆம், கோடு வரைவது, சட்டைகளைத் துவைப்பது, தலைக்கவசத் திருகுகளை மாற்றுவது எல்லாம் எங்கள் வேலைதான். வாரம் 80 மணி நேரத்தைத் தாண்டும். மிகைநேர ஊதியம் ஏன் இல்லை என்று கேட்டபோது பயிற்சியாளர்களுக்கு அது பொருந்தாது என்றார்கள். கூட்டாட்சித் தொழிலாளர் துறையின் விளக்கம் அத்தனை எளிதானதன்று. பயிற்சியாளரின் முதன்மைக் கடமை வீரர்களுக்குக் கற்பிப்பது என்றால் அவர் ஆசிரியராகக் கருதப்படுவார். ஆசிரியருக்கு மிகைநேர ஊதியமும் இல்லை, அதைத் தராமலிருக்கக் குறைந்தது இவ்வளவு சம்பளம் தர வேண்டும் என்ற வரம்பும் இல்லை. முதன்மைக் கடமை மாணவர்களைத் தேடிச் சேர்ப்பது என்றால் அந்த ஆசிரியர் விலக்கு அவருக்குப் பொருந்தாது. ஆகவே பணி விவரத்தில் எது முதலில், எவ்வளவு விழுக்காடு என்று எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் படியுங்கள். வழக்குப் போடச் சொல்லவில்லை. இந்தத் தொழிலில் வழக்குப் போட்டவருக்கு அடுத்த வேலை கிடைப்பது கடினம் என்பதும் உண்மை. ஆனால் தெரிந்து வைத்திருப்பவரிடம் மனிதவளத் துறை பேசும் தொனி வேறு.

2019 நவம்பரில், பருவத்தின் கடைசி ஆட்டம் முடிந்த மறுநாள், எங்கள் தலைமைப் பயிற்சியாளரை நீக்கினார்கள். விளையாட்டுத் துறை இயக்குநர் எங்களை ஒரு வகுப்பறையில் உட்கார வைத்து, புதியவர் தன் ஆட்களைக் கொண்டுவருவார், அதுவரை சேர்க்கைப் பணியைத் தொடருங்கள் என்றார். அதாவது, எங்களுக்கு இனி இடமில்லாத ஒரு கல்லூரிக்கு வரச் சொல்லிப் பதினேழு வயதுப் பையன்களின் வீடுகளுக்குப் போய் உட்கார்ந்து பேச வேண்டும். என் பத்தாண்டுகளில் மனம் மிகவும் கூசிய வாரங்கள் அவை. ஒரு தாய் காப்பி கொடுத்துவிட்டு, “நீங்கள்தானே என் மகனைப் பார்த்துக்கொள்வீர்கள்?” என்று கேட்டார். கல்லூரி அவனைப் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, காரைக் கிளப்பாமல் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். தலைமைப் பயிற்சியாளருக்கு ஒப்பந்தத்தில் எஞ்சிய மாதங்களுக்குச் சம்பளம் உண்டு. எங்கள் கடிதத்தில் இரு தரப்பும் எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று ஒரே வரி. என் சம்பளமும் காப்பீடும் டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடிந்தன. வேலைக்குச் சேரும்போதே, ‘தலைமைப் பயிற்சியாளர் மாறினால் ஜூன் 30 வரை சம்பளமும் மருத்துவக் காப்பீடும் தொடரும்’ என்ற ஒரு வரியைக் கேளுங்கள். கல்லூரியின் நிதியாண்டு பெரும்பாலும் அன்றுதான் முடிகிறது என்பதால், இது அவர்களுக்குப் பெரிய சுமையன்று. நீக்கப்பட்ட வாரமே வேலையின்மை உதவிக்கும் விண்ணப்பியுங்கள். கல்வி நிறுவன ஊழியர்களுக்குக் கோடை இடைவெளியில் அந்த உதவி மறுக்கப்படும் என்ற விதியை நினைத்து நான் பல வாரம் விண்ணப்பிக்காமல் இருந்தேன். அடுத்த கல்வியாண்டில் திரும்பி வரலாம் என்ற உறுதி இருப்பவர்களுக்குத்தான் அந்த விதி.

ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர் சங்கத்தின் மாநாடு நடக்கும். ஆயிரக்கணக்கான பயிற்சியாளர்கள் கூடும் அந்த இடத்தின் உண்மையான நடவடிக்கை விரிவுரை அரங்கில் இல்லை, ஓட்டல் முகப்பில் இருக்கிறது. கையில் விண்ணப்பத் தாளோடு, தெரிந்த முகம் தெரியுமா என்று நின்றுகொண்டிருப்பவர்களில் ஒருவனாக நானும் நின்றேன். அறை, விமானம், சாப்பாடு எல்லாம் சேர்த்து 1,400 டாலர் கடன் அட்டையில். அங்கு யாரும் எனக்கு வேலை தரவில்லை. வேலை வந்தது, முன்பு நாங்கள் எதிர்த்து ஆடிய அணியின் ஒருங்கிணைப்பாளர் ஒருவர், என் வீரர்கள் எதிராளி மேல் கை வைத்துத் தடுக்கும் விதம் பிடித்திருந்தது என்று நினைவு வைத்து இல்லினாயிலிருந்து அழைத்ததால். மாநாட்டுக்குப் போகாதே என்று சொல்ல மாட்டேன். வேலையோடு இருக்கும் ஆண்டுகளில் போ, கல்லூரிச் செலவில் போ.

இல்லினாயில் சேர்ந்த சில வாரங்களில் கொரோனா வந்தது. 2020 ஆகஸ்டில் மூன்றாம் டிவிஷனின் இலையுதிர்காலத் தேசியப் போட்டிகள் ரத்தாயின. எங்கள் அணி அந்த இலையுதிர்காலத்தில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. கல்லூரி ஓய்வூதியக் கணக்குக்குத் தன் பங்கைச் செலுத்துவதை நிறுத்தியது. முந்தைய இடத்தில் ஓராண்டுக் காத்திருப்பு, இங்கே நிறுத்தம் என்று, முப்பது வயதைத் தாண்டியபோது என் ஓய்வூதியக் கணக்கில் ஒரு பழைய கார் வாங்கும் அளவுக்குக்கூடப் பணமில்லை. பிறகு மூன்று நல்ல பருவங்கள் அமைந்தன. அவற்றை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். முதலாண்டில் பத்து முறை தொடர்ந்து தள்ளப்பட்டவன் நான்காமாண்டில் இருவரைத் தாங்கி நிற்பதைப் பார்க்கும் மகிழ்ச்சிக்கு விலை போட முடியாது.

அதற்கிடையே அக்கம்பக்கத்துக் கல்லூரிகள் விழுந்துகொண்டிருந்தன. இல்லினாயின் மெக்மரி கல்லூரி 2020-இல் மூடப்பட்டது. 1842-இல் தொடங்கிய அயோவா வெஸ்லியன் பல்கலைக்கழகம் 2023-இல் மூடப்பட்டது. பந்தை வீசி வீசியே ஆடும் ‘ஏர் ரெய்டு’ முறையைப் பயிற்சியாளர்கள் ஹால் மம்மியும் மைக் லீச்சும் வளர்த்தெடுத்தது அங்கேதான். 2023-24 கல்வியாண்டில் மாணவர் நிதியுதவிக்கான கூட்டாட்சிப் படிவமான ‘ஃபாஃப்சா’ மாற்றியமைக்கப்பட்டு, வழக்கமாக அக்டோபரில் திறப்பது டிசம்பர் இறுதியில்தான் திறந்தது; விவரங்கள் கல்லூரிகளை அடைய மார்ச் ஆயிற்று. எவ்வளவு கட்ட வேண்டும் என்று சொல்ல முடியாமல் எப்படி ஒரு பெற்றோரை முடிவெடுக்கச் சொல்வது? ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டிருந்த எங்கள் கல்லூரி அந்த வசந்தத்தில் மூடப்போவதாக அறிவித்தது. நான் சேர்த்த பையன்களிடமிருந்து கைபேசியில் வந்த செய்திகளுக்கு நள்ளிரவு தாண்டியும் பதில் எழுதிக்கொண்டிருந்தேன். அடுத்த சில வாரங்கள் என் வேலையை நான் தேடவில்லை. அவர்களுடைய மதிப்பெண் சான்றுகளையும் ஆட்டக் காணொளிகளையும் மற்றக் கல்லூரிகளுக்கு அனுப்பினேன்.

மூடும் கல்லூரியில் மாட்டிக்கொண்டவர்களுக்கு மிக முக்கியமான செய்தி காப்பீடு பற்றியது. வேலை போனால் ‘கோப்ரா’ சட்டப்படி, முழுப் பிரீமியத்தையும் தானே கட்டி, பதினெட்டு மாதம் வரை பழைய காப்பீட்டைத் தொடரலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். நிறுவனமே மூடி, அதன் காப்பீட்டுத் திட்டமும் கலைந்துவிட்டால், தொடர்வதற்குத் திட்டமே இருக்காது. அரசின் காப்பீட்டுச் சந்தையில் 60 நாளுக்குள் புதிதாகச் சேர வேண்டும். நூறு அல்லது அதற்கு மேல் முழுநேர ஊழியர்கள் உள்ள நிறுவனம் மூடும்போது, சில விலக்குகள் நீங்கலாக, 60 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்ற கூட்டாட்சிச் சட்டமும் உண்டு. அறிவிப்புத் தேதியைக் குறித்து வையுங்கள். எடுக்காத விடுப்புக்குரிய பணம், திருப்பித் தரப்படாத பயணச் செலவு ஆகியவற்றை மூடும் நாளுக்கு முன் வாங்கிவிடுங்கள். எனக்கு வர வேண்டிய 2,100 டாலர் இன்னும் வரவில்லை. கல்லூரியிடமிருந்து பணம் வர வேண்டியவர்கள் வரிசையில் என் பெயர் எங்கோ கீழே இருக்கிறது.

சேரும் முன்பே ஒரு கல்லூரியின் நிலையை ஓரளவு கண்டறியலாம். வருமான வரி விலக்குப் பெற்ற தனியார் கல்லூரிகள் ஆண்டுதோறும் ‘990’ என்ற படிவத்தைத் தாக்கல் செய்கின்றன. அது பொதுமக்கள் பார்வைக்கு உரியது. ஐந்தாண்டுப் படிவங்களை வரிசையாகப் பாருங்கள். வரவைவிடச் செலவு தொடர்ந்து கூடியிருந்தால், மொத்த மாணவர் எண்ணிக்கை குறைந்துகொண்டே போனால், தர அங்கீகார அமைப்பு எச்சரிக்கை ஏதும் விடுத்திருந்தால், அந்த ஊரில் ஓராண்டு வாடகை ஒப்பந்தம் போடாதீர்கள். அங்கிருந்து விலகிய முன்னாள் துணைப் பயிற்சியாளர் ஒருவரைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள். கல்லூரி கொடுக்கும் பெயர்ப் பட்டியலில் இல்லாத ஒருவராக அவர் இருக்கட்டும்.

நான் இப்போது ஒஹையோவில் ஒரு பொதுப் பள்ளியில் கணிதம் கற்பிக்கிறேன். மாநில ஆசிரியர் ஓய்வூதியத் திட்டத்தில் இருக்கிறேன். மாலையில் பள்ளி அணியின் டிஃபென்சிவ் லைனைப் பார்த்துக்கொள்வதற்குத் தனியாக ஒரு படி உண்டு. ஆசிரியர் உரிமத்தையும் பயிற்சியையும் இருபத்திரண்டு வயதிலேயே சேர்த்து முடித்திருந்தால், சிறு கல்லூரி வேலைகளுக்கு நான் பேரம் பேசும் நிலையில் போயிருப்பேன். சித்தப்பா மகனிடம் கேட்டதும் அது ஒன்றைத்தான்: கல்லூரியில் ஆடு, பயிற்சியாளராகவும் ஆகு, ஆனால் கற்பிக்கும் உரிமத்தோடு பட்டம் வாங்கு. அவன் இன்னும் பதில் சொல்லவில்லை. அயோவாவில் ஒரு கல்லூரி அவனை வளாகம் பார்க்க அழைத்திருக்கிறது, அதன் 990 படிவத்தை அனுப்பி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.